கரண்ட் பில்லை குறைக்கணும்னா முதல்ல இந்த குட்டி வாட் மீட்டர்

ப்ளக் பாயிண்ட்ல சொருகிட்டு அது மேல நம்ம சாமானை சொருகுற மாதிரி ஒரு சின்ன மீட்டர் வருதுல்ல, அதைத்தான் வாங்குனேன். இது தானா ஒரு யூனிட்கூட மிச்சம் பண்ணித் தராது, அதை முதல்லயே சொல்லிடுறேன். ஆனா எது எவ்வளவு இழுக்குதுன்னு கண்ணுக்கு நேரா காட்டிடும், அதுக்கப்புறம் வீட்ல யாரும் யாரையும் சும்மா திட்ட முடியாது.

எங்க வீட்ல போன் சார்ஜரை கழட்டாம விட்டா பெரிய பஞ்சாயத்தே நடக்கும். வெறும் சார்ஜரை மட்டும் சொருகிப் பாத்தா 0.0ன்னு நிக்குது (ஒரு வாட்டுக்கு கீழ இந்த மீட்டரை ரொம்ப நம்ப முடியாதுதான், இருந்தாலும் அவ்ளோ கம்மி). அந்தப் பக்கம் செட்டாப் பாக்ஸ், ரிமோட்ல ஆஃப் பண்ணியும் 11 வாட் இழுத்துட்டே இருக்கு. ஒரு நாளைக்கு கால் யூனிட்டுக்கு மேல! 1500 வாட் கெட்டில் 4 நிமிஷம் ஓடினா 0.1 யூனிட்தான், அதாவது ரெண்டு தடவை தண்ணி கொதிக்க வைக்கறதை விட இந்த சும்மா இருக்கற டப்பா அதிகமா தின்னுது. இப்பல்லாம் ராத்திரி அதுக்கு சுவிட்சையே அமத்திடுறோம்.

ஃபிரிட்ஜுக்கு மட்டும் அந்த நிமிஷத்து வாட்டை பாத்து முடிவு பண்ணாதீங்க, கம்ப்ரஸர் ஓடும்போது ஒரு நம்பர் வரும் நின்னுட்டா கிட்டத்தட்ட ஒன்னுமே இருக்காது, ஒரு நாள் முழுக்க விட்டு மொத்த யூனிட்டை பாருங்க. கம்ப்ரஸர் நிக்காம ஓடிட்டே இருந்துச்சுன்னா கதவு ரப்பரை கொஞ்சம் கவனிங்க.

அப்புறம் பில் பாதியா குறையும்னு விக்கிறாங்களே அந்த பவர் சேவர் டப்பா, சொந்தக்காரர் ஒருத்தர் வச்சிருந்தாரு, அதையும் சோதிச்சாச்சு. ஒரே ஜங்ஷன் பாக்ஸ்ல டேபிள் ஃபேன் கூட சேத்து சொருகினா ஆம்பியர் கொஞ்சம் இறங்குது, வாட் அப்படியே இருக்கு. உள்ள இருக்கறது ஒரு கெப்பாசிட்டர், அவ்ளோதான். வீட்டு மீட்டர் கணக்கு வைக்கிறது யூனிட்டை (அதாவது எத்தனை வாட் எவ்வளவு நேரம் ஓடுச்சுங்கறதை), ஆம்பியரை இல்ல, அப்புறம் பில் எங்க குறையும்?

குறைன்னு பாத்தா, ஸ்க்ரீன்ல லைட் இல்ல, கீழ இருக்கற ப்ளக் பாயிண்ட்ல சொருகினா டார்ச் அடிச்சு குனிஞ்சுதான் பாக்கணும். சீலிங் ஃபேன், நேரா வயரிங் குடுத்த ஏசி இதையெல்லாம் அளக்கவே முடியாது. ஹீட்டர் மாதிரி பெருசா இழுக்கறதை சொருகறதுக்கு முன்னாடி மீட்டர் பின்னாடி எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கான்னு பாத்துக்கோங்க, தாண்டினா சூடாகி உருகிடும்.

எல்லாத்தையும் அளந்து முடிச்சதும் இதுக்கு பெருசா வேலை இல்ல, அதனால தெரிஞ்சவங்க கிட்ட இருந்தா இரவல் வாங்கிக்கோங்க, இல்லன்னா ரெண்டு மூணு வீடு சேந்து ஒன்னு வாங்குனா தாராளமா போதும்.