நடை ஆறு வருடம், பிலாட்டீஸ் நான்கு மாதம்

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஆறு வருடமாகக் காலை நடை போகிறேன். தினமும் 45 நிமிடம், பெருமழை நாள் தவிர விட்டதில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, தூக்கமும் நன்றாக வருகிறது. ஆனால் மாடிப்படி ஏறினால் வலது முழங்கால் மட்டும் சுருக்கென்று குத்தும். 54 வயதில் இதெல்லாம் சகஜம் என்றார்கள். எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை.

அதனால்தான் பிலாட்டீஸ் பக்கம் போனேன். வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளை மெதுவான அசைவுகளால் பலப்படுத்தும் பயிற்சி அது. முதலில் ஒரு பெரிய ஸ்டூடியோவுக்கு ட்ரையல் போனேன். ஸ்பிரிங் பூட்டிய கட்டில் மாதிரி இருக்கும் ரிஃபார்மரில் படுக்க வைத்தார்கள். கருவி அருமைதான். ஆனால் என் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் மூன்று மாதப் பணத்தை முன்பணமாகக் கேட்டார்கள். வந்துவிட்டேன்.

அப்புறம் கிடைத்ததுதான் இந்த வகுப்பு. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு மாடி. கருவி எதுவும் இல்லை, தரையில் பாய் விரித்துச் செய்வதுதான். செவ்வாய், வெள்ளி 50 நிமிடம், பேட்சுக்கு ஆறு பேர், எட்டு வகுப்புக்கு 4,000 ரூபாய்.

முதல் நாள் டீச்சர் என்னைப் படுக்கச் சொல்லவே இல்லை. கூடத்தில் நாலு தடவை நடக்கவிட்டுப் பார்த்தார். "வலது கால்ல நிக்கும்போது இடது இடுப்பு கீழே சரியுதும்மா, அதைத் தாங்கறதுக்கு முட்டி உள்ளே போகுது" என்றார். ஆறு வருடம் நடந்த எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை. சமதரையில் முன்னோக்கியே நடக்கும்போது, இடுப்பைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் தசைக்குப் பலம் ஏறும் அளவுக்கு வேலை கிடைப்பதில்லையாம். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை மெதுவாகத் தூக்கி இறக்கச் சொன்னார். பார்க்க ஒன்றுமே இல்லாத பயிற்சி. எட்டாவது தடவை தொடை நடுங்கியது.

'ஹண்ட்ரட்' என்று ஒன்று உண்டு. மல்லாந்து படுத்து, தலையைத் தூக்கி, கைகளை மேலும் கீழும் அடித்துக்கொண்டே ஐந்து எண்ணி மூச்சை இழுத்து, ஐந்து எண்ணி விட வேண்டும். பத்து சுற்று, மொத்தம் நூறு. ஆனால் என் எலும்பு அடர்த்தி ரிப்போர்ட்டைப் பார்த்தவர், தலையைக் கீழேயே வைத்துச் செய்யச் சொன்னார். முதுகை வளைத்து எழும் 'ரோல் அப்' எனக்குக் கிடையவே கிடையாது. எலும்பு மெலிந்தவர்களுக்கு அப்படிக் குனிந்து எழுவது ஆகாது. சேரும் முன் இதை டீச்சரிடம் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் முதுகை ஒப்படைக்காதீர்கள்.

இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் (1883 - 1967) இதற்கு 'கன்ட்ராலஜி', அதாவது உடம்பைக் கட்டுப்பாட்டோடு அசைக்கும் கலை, என்றுதான் பெயர் வைத்திருந்தாராம். யாராவது அவசரப்பட்டால் டீச்சர் இதைத்தான் நினைவுபடுத்துவார்.

குறை என்றால் பாய்தான். அவர்கள் தருவது மெல்லிய யோகா பாய், முதுகெலும்பு தரையில் உறுத்துகிறது. நான் 12 மி.மீ. பாய் ஒன்று 1,400 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். டீச்சர் ஊருக்குப் போன வாரம் வந்த மாற்று ஆள் யாரையும் திருத்தவில்லை, அந்த இரண்டு வகுப்பும் வீண்.

வகுப்பில் சேர்ந்ததும் நடையை விட்டுவிட்டார் ஒரு தோழி. தயவுசெய்து விடாதீர்கள். பாயில் படுத்துச் செய்வதில் மூச்சு வாங்குவது குறைவு, இதயத்துக்கு நடை வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. வகுப்பு நாளில் நான் 20 நிமிடம் நடந்துவிட்டு நேராக மாடிக்குப் போகிறேன். உடம்பு சூடாகியிருப்பதால் இடுப்பு சுலபமாக வளைகிறது.

மூன்றாவது மாதம், காய்கறிப் பையோடு மூன்று மாடி ஏறி வீட்டுக்குள் வந்த பிறகுதான் கவனித்தேன், முழங்கால் குத்தவில்லை. அதே 45 நிமிடத்தில் 3.2 கிலோமீட்டர் காட்டிய போன் இப்போது 3.7 காட்டுகிறது.

அடுத்த மாதம் அக்காவையும் சேர்க்கிறேன். அவளுக்கு 61. முதலில் எலும்பு ரிப்போர்ட்டை எடுத்து வை என்று சொல்லியிருக்கிறேன்.