ரெம் வாங்க முன்: திரையைப் பார்ப்பதா, மூடியைக் கழற்றுவதா?

மகளின் பழைய லப்டொப்புக்கு இன்னொரு 4 ஜிபி ரெம் (RAM, நினைவகத் துண்டு) போட வேண்டியிருந்தது. உள்ளே கிடப்பது என்ன ரெம் என்று பார்க்க மூன்று வழி: விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் மனேஜர், சிபியு-இசட் (CPU-Z) என்ற இலவச மென்பொருள், இல்லாவிட்டால் அடிமூடியைக் கழற்றி ரெம்மில் ஒட்டிய ஸ்டிக்கரை வாசிப்பது. மூன்றையும் செய்தேன், பிழையான வரிசையில்.

டாஸ்க் மனேஜர் சுகமானது. எத்தனை ஜிபி, வேகம் 1600, ரெம் செருகும் இரண்டு ஸ்லொட்டில் ஒன்று பாவனையில். அதை நம்பிக் கொழும்பிலிருந்து டிடிஆர்3 (DDR3) வகை ரெம் ஒன்றை எடுப்பித்தேன். போட்டதும் விசிறி சுற்றியது, திரை கறுப்பு.

ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். சாதாரண டிடிஆர்3 ஓடுவது 1.5 வோல்டில், டிடிஆர்3எல் 1.35 வோல்டிலும் ஓடும். இரண்டுக்கும் 204 பின், விளிம்பில் உள்ள வெட்டும் ஒரே இடத்தில், அதனால் பிழையானதும் வடிவாகப் போய் உட்காரும். மகளினதைப் போல இன்டெல் 4ஆம் தலைமுறை புரொசசர் உள்ள லப்டொப்கள் பலவற்றுக்கு 1.35 தான் வேண்டும். டாஸ்க் மனேஜர் வோல்டேஜ் பற்றி வாயே திறக்காது. பைக்கற்றை உடைத்த ரெம்மைக் கடையில் திருப்பி எடுக்கவுமில்லை.

சிபியு-இசட்டில் 'எஸ்பிடி' (SPD) என்ற பக்கம் ரெம்மின் பார்ட் நம்பரையும் வோல்டேஜையும் காட்டும். மூடி திறக்கப் பயமென்றால் அது போதும். மெமரி பக்கத்தில் 800 என்று கண்டு பதற வேண்டாம், இரட்டித்தால் 1600.

ஆனாலும் என் வாக்கு ஸ்டிக்கருக்குத்தான். கடற்காற்றில் ஒரு ஸ்குரூ துருப்பிடித்து அரை மணித்தியாலம் தின்றது, உண்மை. பற்றரியைக் கழற்றி, இரு பக்கக் கிளிப்பையும் விரலால் விலக்க, ரெம் சாய்ந்து எழும்பியது. போன் ரோர்ச்சில் வாசித்தேன்: 4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ். அந்த 'எல்' தான் நான் தவறவிட்டது. 12800 என்பதே 1600 வேகம், கடைசி 'எஸ்' லப்டொப் அளவு. பக்கத்து ஸ்லொட் உண்மையிலேயே வெறுமையா என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. சில லப்டொப்பில் போர்டோடு ஒட்டிய ரெம்மையும் ஒரு ஸ்லொட்டாகக் கணக்குக் காட்டும்.

படத்தை வட்ஸ்அப்பில் அனுப்ப, ரவுணில் கடைத் தம்பி சொன்னான்: "இதைத்தான் அண்ணா முதலே அனுப்பியிருக்கோணும்."

டிடிஆர்4, டிடிஆர்5 நான் கையால் போட்டதில்லை. அவற்றின் வெட்டு வேறு வேறு இடத்தில், மாறிப் போட்டால் உள்ளே போகாது.

1.5 வோல்ட் துண்டு இன்னும் லாச்சியில் கிடக்கிறது. 2ஆம் தலைமுறை லப்டொப் வைத்திருப்பவர் யாராவது உப்புவெளிப் பக்கம் வந்தால் எடுத்துப் போகலாம்.