அப்கிரேடா, புது இன்ஸ்டாலா, வேறு டிஸ்ட்ரோவா?

லினக்ஸ் போட்டு மூன்று நான்கு வருடம் ஆன கணினியில் ஒருநாள் அந்த அறிவிப்பு வந்து நிற்கும்: புதிய பதிப்பு தயார், அப்கிரேடு செய்கிறீர்களா? அதே வாரம் ஒருவர் ஃபெடோரா என்ற வேறு டிஸ்ட்ரோ (லினக்ஸின் ஒரு தொகுப்பு) பறக்கிறது என்பார், இன்னொருவர் டெபியன் என்ற டிஸ்ட்ரோதான் அசையாமல் ஓடும் என்பார். இருப்பதையே ஏற்றிக்கொள்வதா, அடியோடு மாறிவிடுவதா என்று மனம் இரண்டுபட்டுவிடும்.

உண்மையில் வழிகள் மூன்று. அதே டிஸ்ட்ரோவின் புதிய பதிப்பை, டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவது நடுவில் இருக்கும் வழி. அதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. "டிஸ்ட்ரோ மாற்றினேன், கணினி பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது" என்று சொல்பவர்கள் பலருக்கு அந்த லேசைக் கொடுத்தது துடைத்த டிஸ்க்தான். பழைய டிஸ்ட்ரோவையே மறுபடி போட்டிருந்தாலும் அதே சுகம் கிடைத்திருக்கும். புதிய கட்டளைகளைப் படிக்கும் வேலையும் மிச்சமாகியிருக்கும்.

இதற்கு முன் ஒரு விஷயம்: அவசரமா என்று பாருங்கள். உபுண்டு என்ற டிஸ்ட்ரோவின் 20.04 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. அதில் இருப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாது. 22.04-க்கு 2027 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். உபுண்டு ப்ரோ என்ற நீட்டிப்பு ஆதரவுச் சேவையில் பதிவு செய்தால் சொந்தப் பயன்பாட்டுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம், மொத்த ஆதரவும் பத்து ஆண்டாக நீளும். வேலை முடிக்கும் நெருக்கடியில் இருப்பவர் இப்போது எதையும் தொடாமல் இருப்பதும் நல்ல முடிவுதான்.

இருந்த இடத்திலேயே அப்கிரேடு

உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பில் இருப்பவருக்கு அடுத்த நீண்டகாலப் பதிப்பு வெளியான அன்றே அழைப்பு வராது. 24.04 வந்தது 2024 ஏப்ரலில், 22.04-காரர்களுக்குக் கதவு திறந்தது, முதல் திருத்தப் பதிப்பான 24.04.1 ஆகஸ்ட் கடைசியில் வந்த பிறகுதான். தாண்டிக் குதிக்கவும் முடியாது: 20.04-ல் இருந்தால் முதலில் 22.04, பிறகு 24.04. டெபியனிலும் ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். ஃபெடோராவில் மட்டும் ஒரு பதிப்பை விட்டு அடுத்ததற்குத் தாவலாம்.

ஏறும்போது என்ன நடக்கிறது? ரெப்போ (மென்பொருள் பேக்கேஜ்கள் இறங்கும் களஞ்சியம்) முகவரிகள் புதிய பதிப்புக்கு மாறும், நீங்களாகச் சேர்த்த வெளி ரெப்போக்கள் அணைக்கப்படும், பேக்கேஜ்கள் ஒவ்வொன்றாகப் புதியதாகும். நடுவில் டெர்மினல் நின்று ஒரு கேள்வி கேட்கும்: இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள், பேக்கேஜோடு புதிய கோப்பும் வந்திருக்கிறது, எதை வைத்துக்கொள்ள? சும்மா என்டர் தட்டினால் பழையது இருக்கும். 'டி' எழுத்தைத் தட்டினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வரிவரியாகக் காட்டும்.

இந்த ஒரு கேள்வியில்தான் நான் அடிபட்டேன். தொலைவிலிருந்து பார்த்துக்கொண்ட ஒரு சர்வரில், தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் அமைப்புக்கு இந்தக் கேள்வி வந்தபோது, புதியது என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று அதைத் தேர்ந்தெடுத்தேன். வேறுபாட்டைப் பார்க்கவில்லை. நான் மாற்றி வைத்திருந்த போர்ட் எண் அதோடு போயிற்று. ஃபயர்வாலில் பழைய போர்ட்டுக்கு மட்டுமே வழி இருந்தது. ரீஸ்டார்ட் ஆனதும் சர்வர் நலமாக ஓடிக்கொண்டிருந்தது, என்னால் உள்ளே போகத்தான் முடியவில்லை. நேரில் போய் கீபோர்டைச் செருகி உட்கார வேண்டியதாயிற்று. அதிலிருந்து 'டி' தட்டாமல் நான் பதில் சொல்வதில்லை.

இன்னும் இரண்டு இடங்கள் கவனத்துக்கு உரியவை. 22.04-ல் பைத்தான் 3.10, 24.04-ல் 3.12, பழைய பைத்தானை வைத்து உருவாக்கிய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்கள் (ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாக வைக்கும் பைத்தான் சூழல்கள்) அப்படியே ஓடாது, திரும்ப உருவாக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருள் 14-லிருந்து 16-க்குப் போகும், ஆனால் உங்கள் தரவு தானாக அதனுடன் போகாது. பழைய கிளஸ்டர் (உங்கள் தரவுத்தளங்களின் தொகுப்பு) பழைய பதிப்பிலேயே காத்திருக்கும், நீங்கள்தான் மாற்ற வேண்டும். அப்கிரேடு முடிகையில் "பழைய பேக்கேஜ்களை நீக்கவா" என்று கேட்பதற்கு யோசிக்காமல் ஆம் சொன்னால், தரவு டிஸ்க்கில் கிடக்கும், அதைத் திறக்கும் மென்பொருள் இருக்காது.

இவ்வளவு சொன்னதால் அப்கிரேடு ஆபத்து என்று எண்ண வேண்டாம். என்னென்ன திருத்தினோம், எங்கிருந்து எதை இறக்கினோம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு மூன்றில் இதுவே குறைந்த வேலை.

அதே டிஸ்ட்ரோ, துடைத்த டிஸ்க்

சொல்லத் தெரியாதவருக்கு இது. எதற்கோ சேர்த்த ரெப்போ, எப்போதோ கைப்பட கம்பைல் செய்த டிரைவர், இரண்டு டெஸ்க்டாப்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. அப்கிரேடு இவை அத்தனையையும் சுமந்துகொண்டு அடுத்த பதிப்புக்குப் போகும். புது இன்ஸ்டால் இவற்றை இறக்கி வைத்துவிடும்.

பேக்கப்பில்தான் இங்கே கோட்டை விடுகிறோம். ஹோம் ஃபோல்டரை எடுத்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்ற நம்பிக்கை தவறு. நேரம் குறித்து ஓடும் கிரான் வேலைகள், தரவுத்தளங்கள், டாக்கர் கன்டெய்னர்கள் தரவைச் சேமிக்கும் வால்யூம்கள், விர்ச்சுவல் மெஷின் படிமங்கள் எல்லாம் வழக்கமாக 'வார்' (/var) டைரக்டரிக்குள் இருக்கும். கைப்பட செய்த அமைப்பு மாற்றங்கள் 'இடிசி' (/etc) டைரக்டரிக்குள். இந்த இரண்டையும் பார்க்காமல் டிஸ்க்கைத் துடைக்காதீர்கள். நீங்களாகக் கேட்டு நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலை, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஏபிடி-யே தரும். அதையும் ஒரு கோப்பில் போட்டு வெளியே எடுத்து வையுங்கள்.

திரும்பக் கொண்டுவரும்போது இதற்கு நேர்மாறான கவனம் வேண்டும். ஹோமில் இருக்கும் மறைந்த கோப்புகளை மொத்தமாகக் கொட்டினால், எந்தக் குப்பையிலிருந்து தப்பித்தீர்களோ அதுவும் கூடவே வந்துவிடும். எஸ்எஸ்ஹெச் சாவிகள், மறையாக்கத்துக்கான ஜிபிஜி சாவிகள், உலாவியின் புரொஃபைல், எடிட்டர் அமைப்பு என்று தேவையானதை மட்டும் பொறுக்கி எடுப்பேன். மீதியை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வைத்தால் கேட்கும்போது தேடிக்கொள்ளலாம்.

ஆளை மாற்றுவது

டிஸ்ட்ரோ மாறுவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. டெஸ்க்டாப் பிடிக்கவில்லை என்பது அதில் சேராது. கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ போன்ற வேறு டெஸ்க்டாப் வேண்டுமென்றால் இருக்கும் டிஸ்ட்ரோவிலேயே போட்டுக்கொள்ளலாம்.

ஸ்னாப் (உபுண்டுவின் தனி பேக்கேஜ் வகை) வேண்டாம் என்பது நல்ல காரணம். 22.04 முதல் உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது. உபுண்டுவை வைத்து உருவான லினக்ஸ் மின்ட், 2020-ல் வந்த 20-ஆம் பதிப்பிலிருந்தே ஸ்னாப்பைத் தடுத்து வைத்திருக்கிறது, ஃபயர்பாக்ஸைச் சாதாரணப் பேக்கேஜாகத் தருகிறது. மின்ட் 22 நிற்பது உபுண்டு 24.04 மீது, ஆதரவு 2029 வரை. பழகிய கை அப்படியே பழகும். ஆனால் உபுண்டுவில் வேலை செய்யாத வைஃபை மின்ட்டில் செய்யும் என்று போகாதீர்கள். அடியில் இருப்பது பெரும்பாலும் அதே சரக்குதான்.

அந்த வைஃபைக்காக, அல்லது புத்தம்புது லேப்டாப்புக்காக என்றால் ஃபெடோராவைப் பாருங்கள். ஒரு பதிப்பின் நடுவிலேயே புதிய கர்னல்கள் (வன்பொருளை இயக்கும் மையப் பகுதி) வந்துகொண்டிருக்கும். அதற்கு ஈடாக அது கேட்பது உங்கள் நேரத்தை: ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் பதின்மூன்று மாதமே ஆதரவு. அப்கிரேடுக்குப் பயந்து மாறுகிறவர் அங்கே போனால், வருடத்துக்கு ஒருமுறையாவது அதையே செய்ய வேண்டியிருக்கும். பேக்கேஜ் கருவியில் ஏபிடி போய் டிஎன்எஃப், பாதுகாப்பு அமைப்பில் ஆப்ஆர்மர் போய் எஸ்இலினக்ஸ், டிஸ்க்கின் கோப்பு முறையில் எக்ஸ்ட்4 போய் பிடிஆர்எஃப்எஸ் என்று விரல்களும் பழக்கம் மாற வேண்டும்.

நேர் எதிர்முனையில் டெபியன். 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்தது, கர்னல் 6.12, மூன்று ஆண்டு முழு ஆதரவும் அதன்மேல் இரண்டு ஆண்டு நீண்டகால ஆதரவும். முன்பு வைஃபை ஃபர்ம்வேரை (வைஃபை சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) தனியே தேடி அலைய வேண்டியிருந்தது. 12 முதல் இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிட்டார்கள். 32-பிட் பழைய கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க: 13-க்கு அந்த வகை இன்ஸ்டாலர் கிடையாது. மூன்று வருடம் கணினியை மறந்து வேலையைப் பார்க்க விரும்புகிறவருக்கு நான் முதலில் சொல்வது டெபியன்தான்.

மாறியே ஆக வேண்டிய நிலையும் வரும். சர்வர்களுக்குப் பெயர்பெற்ற சென்ட்ஓஎஸ் டிஸ்ட்ரோவின் 8-ஆம் பதிப்பைப் போட்டவர்கள் 2029 வரை கவலையில்லை என்று இருந்தார்கள். 2021 இறுதியோடு முடிகிறது என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில் வந்தது. அங்கே அப்கிரேடு என்ற வழியே அடைபட்டுப்போனது. அதற்கு மாற்றாக வந்த ஆல்மாலினக்ஸும் ராக்கியும் இருந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ள ஸ்கிரிப்ட் கொடுத்தது பலரைக் காப்பாற்றியது.

எதற்கு மாறினாலும், நிறுவாமலே இயங்கும் லைவ் யூஎஸ்பி-யில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, இரண்டாவது திரை வருகிறதா, மைக் கேட்கிறதா. டெஸ்க்டாப் அழகை அப்புறம் ரசிக்கலாம்.

இந்த முறை என் சர்வரை அப்கிரேடு செய்தேன். அதில் நான் தொட்ட ஒவ்வொரு கோப்பும் ஒரு குறிப்பில் எழுதியிருக்கிறது, மொத்தம் பதினோரு வரி. லேப்டாப்பில் டிஸ்ட்ரோ அதேதான், டிஸ்க்கைத் துடைத்துப் போட்டேன். ரெப்போ பட்டியலைத் திறந்து பார்த்தபோது அதில் நான்கு எதற்கென்றே எனக்குத் தெரியவில்லை. புதிய லேப்டாப்பின் ஹோமில் முதலில் உருவாக்கிய கோப்பு அந்தக் குறிப்புதான். இதுவரை மூன்று வரி ஆகியிருக்கிறது.