சென்னை – வாகைகுளம் விமானம்: தூரமும் நேரமும்

மீனம்பாக்கத்திலிருந்து தூத்துக்குடி வாகைகுளம் நேர்கோட்டில் ஏறக்குறைய 527 கி.மீ. இந்த வழியில் பறக்கும் ஏடிஆர் 72-600 என்ற புரொப்பல்லர் விமானம் மணிக்கு 500 கி.மீ. போகும் என்றால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டுமே, டிக்கெட்டில் ஏன் ஒன்றரை மணி நேரம் போட்டிருக்கிறது என்று பலரும் கேட்பார்கள். அந்த வேகம் மேலே ஏறி நிலைக்கு வந்த பிறகுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. அதோடு டிக்கெட் நேரம் என்பது விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, மறுமுனையில் போய் நிற்கும் வரை. சென்னையில் ஓடுதளத்துக்கு வரிசையில் காத்திருப்பதும் அதில் சேரும்.

காற்றும் சில நிமிடங்களைத் தின்னும். வாகைகுளம் ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று பலமாக வீசும்போது, வடக்கிலிருந்து வரும் விமானம் கிழக்கே சுற்றி, எதிர்காற்றில் மேற்கு நோக்கி இறங்க வேண்டும். அப்போது உப்பளங்கள் நன்றாகத் தெரியும். குலுக்கலும் நன்றாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தொல்லை வேறு மாதிரி. மழைமேகம் தாழ்ந்துவிட்டால் வானத்தில் சுற்றவிட்டு, பிறகும் தெளியாவிட்டால் மதுரைக்கோ திருச்சிக்கோ திருப்பிவிடுவதுண்டு. அந்த மாதங்களில் அன்றே முகூர்த்தம், அன்றே நேர்காணல் என்று திட்டம் போடக்கூடாது.

இங்கே நெடுங்காலம் ஓடுதளம் 1,350 மீட்டர்தான். அதனால்தான் புரொப்பல்லர் விமானங்கள் மட்டுமே வந்துகொண்டிருந்தன. குட்டை ஓடுதளத்தில் மத்தியான வெயிலும் சேர்ந்தால் தூக்கக்கூடிய எடை குறையும்: சூடான காற்று அடர்த்தி குறைந்தது, இறக்கைக்கும் எஞ்சினுக்கும் பிடிப்பு போதாது. இப்போது நீளம் 3,115 மீட்டர். 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. ஜெட் இறங்கலாம். ஆனால் இந்தத் தூரத்துக்கு ஜெட்டால் மிச்சமாவது இருபது நிமிடம் போலத்தான். உச்ச வேகத்தைத் தொட்டதுமே இறங்கத் தொடங்கிவிடும்.

ஏடிஆரில் இருக்கை எடுப்பவர்கள் கவனிக்க: பயணிகள் ஏறுவதும் இறங்குவதும் பின்கதவு வழியாக, முன்பக்கம் இருப்பது சரக்குக் கதவு. அதனால் கூடுதல் காசு கொடுத்து முன்வரிசை வாங்கினால் கடைசியாகத்தான் இறங்குவீர்கள், புரொப்பல்லர் இரைச்சலும் அங்கேதான் அதிகம். பின்பாதிதான் நல்லது. இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே தெரியும். போகும்போது கடற்கரைப் பக்கம் இடதுபுறம், காலை வெயிலும் அதே பக்கம். தலைக்கு மேலே பை வைக்கும் தட்டு சிறியது. சக்கரப்பெட்டியை விமானத்தடியிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். பவர் பேங்க், மருந்து, நகையை முன்கூட்டியே தனிப்பைக்கு மாற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு வீடு கணக்குப் போட்டால் நாலரை மணி நேரத்துக்குக் குறையாது. சென்னையில் பெட்டி போடும் கவுன்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், அதற்கு முன் ஊர்நெரிசல். வாகைகுளம் தூத்துக்குடி – திருநெல்வேலி நெடுஞ்சாலையிலேயே இருப்பதால் இரு ஊருக்கும் டாக்ஸி சிரமமில்லை. இருந்தாலும் திருநெல்வேலிக்காரர்களுக்கு, தாம்பரமோ எழும்பூரோ எங்கே இறங்க வேண்டும் என்பதைப் பொறுத்து, எட்டு மணி நேரத்தில் போய்ச்சேரும் வந்தே பாரத்தே பல நாட்களில் லாபம். தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது. இரவு முழுக்கப் போகும் முத்துநகர் எக்ஸ்பிரஸ், இல்லாவிட்டால் விமானம்.