கிண்டலுக்கு எல்லை: போலீஸா, யாருமே வேண்டாமா, காமெடியனே போதுமா?

காமெடியன் எதை வேண்டுமானாலும் பேசலாமா என்று கேட்டால் மூன்று பதில்கள் வருகின்றன. எல்லையே கூடாது என்பார்கள் சிலர். சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள் சிலர். கலைஞரே தன் கையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. என் கட்சி மூன்றாவதுதான்.

முதலில் சட்டம். 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் ஸ்டாண்ட்-அப் காமெடியன் முனாவர் ஃபாரூக்கி கைதானார். தெய்வங்களை இழிவுபடுத்தியதாகப் புகார். உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது பிப்ரவரி 5 அன்று. 2025 மார்ச்சில் இன்னொரு காமெடியன் குணால் காம்ரா, அப்போதைய மகாராஷ்டிர துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயைக் கிண்டலடித்தார் என்று, காம்ரா பேசிய மும்பை ஹேபிடட் அரங்கத்தையே ஷிண்டேயின் கட்சிக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். வழக்கும் பாய்ந்தது. விழுப்புரத்தில் வசிப்பவர் என்பதால் காம்ரா சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து இடைக்கால முன்ஜாமீன் வாங்கினார். புண்பட்டதாகச் சொன்னவர்களுக்குப் பின்னால் ஆள்பலம் இருந்தது. குண்டாக இருப்பவருக்கும் கறுப்பாக இருப்பவருக்கும் அப்படி யார் இருக்கிறார்கள்?

சரி, எல்லையே வேண்டாம் என்று விட்டால்? 2007இல் வந்த 'சிவாஜி'யைப் பாருங்கள். பாரி மகளிரின் பெயர்களான அங்கவை, சங்கவையை வைத்து, கறுமை பூசிய முகத்தோடு இரண்டு பெண்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவர்கள் எதுவும் செய்யவே வேண்டாம், கதவருகே வந்து நின்றாலே தியேட்டர் சிரிக்க வேண்டும் என்பதுதான் அந்தக் காட்சியின் திட்டம். படம் தியேட்டரைவிட்டுப் போய்விட்டது. ஆனால் கறுப்பான பெண்பிள்ளைகளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் வகுப்பறைகளில் தங்கிவிட்டது. 'சிரிக்கத்தானே, விடுங்க' என்பவர்கள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். திருநங்கைகளை வைத்து வந்த காமெடி டிராக்குகளும் இதே ரகம்தான்.

கலைஞரே அடக்கிக்கொண்டால் நகைச்சுவை செத்துவிடும் என்ற பயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 'நல்லதம்பி'யில் (1949) என்.எஸ். கிருஷ்ணன் நடத்திய கிந்தனார் காலட்சேபத்தில், ஒடுக்கப்பட்ட வீட்டுப் பையன் படித்து உயர்கிறான். சிரிப்பு விழுவது அவனைத் தள்ளிவைத்தவர்கள் மேல். விவேக் மூடநம்பிக்கையை வெளுத்துவாங்கினார். செந்திலின் உருவத்தைத் திட்டியே சிரிக்கவைத்த கவுண்டமணிதான், அரசியல்வாதிகளையும் நார் நாராகக் கிழித்தார். இன்று திரும்பிப் பார்க்கையில் எனக்கு இரண்டாவதில்தான் கூர்மை தெரிகிறது.

சுயகட்டுப்பாட்டிலும் ஒரு ஆபத்து உண்டு. மந்திரிக்குப் பயந்து ஜோக்கை வெட்டுகிறவரும் 'பொறுப்பு' என்றே சொல்லிக்கொள்ளலாம். அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றியதென்றால் வெட்டவே கூடாது. யாரோ ஒருவரின் உடம்பையோ பிறப்பையோ பற்றியதென்றால் எழுதும்போதே வெட்ட வேண்டும்.

2024 ஜூலையில், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடும் நிபுன் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவையையும், அவர்களைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவையையும் பிரித்துக் காட்டியது. திரையில் அவர்களைச் சித்திரிப்பவர்கள் அவர்களையும் அவர்களுக்கான அமைப்புகளையும் கலந்துகொள்ள வேண்டும் என்றது. நம் சினிமாக் கதை டிஸ்கஷன் அறைகளில் இதை நாளையே தொடங்கலாம். திருநங்கை பாத்திரம் எழுதும்போது ஒரு திருநங்கைக்கும் அங்கே நாற்காலி போடுங்கள், சம்பளமும் கொடுங்கள்.