பண்ணையில் பிறந்தது என்று சொல்லி விற்ற வாட்டர் டிராகன்

என் மகளுக்கு ஏழு வயது. ஓணானைப் பார்த்தால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள். அவளுக்காகத்தான் வாட்டர் டிராகன் என்ற பெரிய பல்லியை வாங்கினேன். "பண்ணையில் பிறந்தது, ரொம்பச் சாது, குழந்தைகள் தாராளமாகத் தூக்கலாம்" என்றார் விற்றவர். அவர் கையில் அது அரைக்கண் மூடி அசையாமல் கிடந்தது. பார்த்ததும் நம்பிவிட்டேன்.

இரண்டாம் நாள் "அப்பா, இதுக்குக் கக்கத்துல மச்சம் இருக்கு" என்றாள். விளக்கடித்துப் பார்த்தால் உண்ணி, மூன்று. பின்காலில் ஒரு விரல் நுனியையும் காணோம். எப்போதோ ஆறிய காயம்.

மருத்துவர் பார்த்தவுடனேயே காட்டில் பிடித்ததாகத்தான் இருக்கும் என்றார். சாதுவாக இருந்தது என்றேன். "துவண்டு போயிருந்திருக்கும்" என்றார். பிடித்தவர், ஏற்றுமதியாளர், கடை என்று கைமாறும் நாட்களில் தண்ணீரும் இரையும் ஒழுங்காகக் கிடைப்பதில்லையாம். மலச் சோதனையில் குடற்புழு நிறைய. காட்டில் ஓரளவு புழுவோடு பல்லிகள் சமாளித்துவிடும். கூண்டுக்குள் தன் கழிவிலேயே நடமாடுவதால் புழுவின் முட்டைகள் மறுபடி வாய்க்குள் போய்ப் புழு பெருகுகிறது. பயத்தில் எதிர்ப்புச் சக்தியும் குறைந்துவிடுகிறது.

விளக்கின் சூட்டில் கொஞ்சம் தெம்பு வந்ததும் கண்ணாடியில் பாய ஆரம்பித்தது. கண்ணாடி என்ற ஒன்று இருப்பதே அதற்குப் புரியவில்லை. ஒரே வாரத்தில் மூக்கு நுனி தேய்ந்து சதை தெரிந்தது. மகள் கிட்டே போனாலே உடம்பு கறுத்துவிடும். அவள் தன்னால்தான் என்று நினைத்து அழுதாள். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பத்தொன்பதாம் நாள் செத்துவிட்டது. விற்றவரிடம் சொன்னேன். "நீங்கள் சூடு சரியாக வைக்கவில்லை" என்று முடித்துவிட்டார்.

சரி, முதல்முறை வாங்குபவர்கள் காட்டில் பிடித்ததை வாங்கவே வாங்காதீர்கள். குழந்தைக்கென்றால் நிச்சயமாக வேண்டாம். சிறுத்தைப் பல்லி (லெப்பர்ட் கெக்கோ), தாடி டிராகன் (பியர்டட் டிராகன்) என்ற பல்லிகள் இரண்டும் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பிலேயே பெருகியவை, மனிதக் கைக்குப் பழகக்கூடியவை. அவற்றிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அதனால் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் தொடவே வேண்டாம்.

"பண்ணை" என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். முட்டை பொரிந்த தேதி கேளுங்கள், தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் அது இரை தின்ன வேண்டும். அப்புறம் கக்கத்தையும் காதுத் துளையையும் விளக்கடித்துப் பாருங்கள். நான் கடையிலேயே அதைச் செய்திருக்கலாம்.