கமைலியோவும் டீம்ஸும்: நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில்

மைக்ரோசாஃப்ட் டீம்ஸின் டைரக்ட் ரூட்டிங்கை (டீம்ஸிலிருந்தே வெளி எண்களோடு பேசும் வசதி) வெளி டெலிபோன் லைன்களோடு இணைக்க, விலைக்கு வாங்கும் எஸ்பிசிக்கு (இரு நெட்வொர்க்குகளுக்கு நடுவே நின்று கால்களைக் கட்டுப்படுத்தும் கருவி) பதிலாகக் கமைலியோ என்ற திறந்த மூல எஸ்ஐபி சர்வரை (எஸ்ஐபி என்பது கால்களை ஏற்படுத்தும் நெறிமுறை) நடுவில் வைத்துப் பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மைக்ரோசாஃப்ட் சான்றளித்த எஸ்பிசி பட்டியலில் கமைலியோ கிடையாது. ஏதாவது கோளாறு என்றால் அங்கே போய் நிற்க முடியாது, நாமேதான் லாக்கைக் கிளற வேண்டும். பரவாயில்லை என்பவர்கள் மேலே படிக்கலாம்.

சாதாரண எஸ்ஐபி டிரங்க்கில் (இன்டர்நெட் வழி டெலிபோன் லைனில்) ஐபி முகவரி பொருந்தினாலே பெரும்பாலும் கால் போய்விடும். இங்கே நம்மை அடையாளம் காட்டுவது டொமைன் பெயர். டீம்ஸில் பதிந்த பெயர் சான்றிதழிலும் இருக்க வேண்டும். எஸ்ஐபி செய்தியின் கான்டாக்ட் (நம்மை அடையும் முகவரி), ரெக்கார்ட்-ரூட் (அடுத்த செய்திகள் வர வேண்டிய வழி) ஹெடர்களிலும் அதுவே வர வேண்டும். ரெக்கார்ட்-ரூட்டைக் கமைலியோவின் போக்கில் விட்டால் அது ஐபியைத்தான் எழுதும். எனவே டொமைன் பெயர், போர்ட் 5061, டிஎல்எஸ் (குறியாக்கிய இணைப்பு) என மூன்றையும் நாமே ப்ரீசெட்டாகக் கொடுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் பிபிஎக்ஸ் (அலுவலக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) தன் ஐபியோடு அனுப்பும் கான்டாக்டையும் மாற்றியாக வேண்டும். பெயர் அடையாளம் தெரியாவிட்டால் 403 (அனுமதி இல்லை) என்று முகத்தில் அறைந்ததுபோல் பதில் வரும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஆப்ஷன்ஸ், அதாவது எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் எஸ்ஐபி செய்தி. கமைலியோவின் டிஸ்பேட்சர் மாட்யூல் அதை ஒழுங்காக அனுப்பும், ஆனால் அதில் கான்டாக்ட் ஹெடர் இருக்காது. டீம்ஸோ அந்த ஹெடரில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் நமக்குத் திருப்பி ஆப்ஷன்ஸ் அனுப்பத் தொடங்கும். டிஎம் மாட்யூலின் லோக்கல்-ரிக்வெஸ்ட் ஈவென்ட் ரூட்டில் (கமைலியோ தானே உருவாக்கும் செய்திகள் கடந்து போகும் பகுதி) ஒரு வரி சேர்த்து அந்த ஹெடரை ஒட்டிவிட்டால் போதும். அந்த ஒரு வரி இல்லாமல் ஃபயர்வாலைக் குறை சொல்லிக்கொண்டு நாள் முழுக்க உட்காரலாம்!

குரலைக் கடத்துவதற்கு ஆர்டிபிஎஞ்சின் என்ற தனி மென்பொருள். டீம்ஸ் பக்கம் எஸ்ஆர்டிபி (குறியாக்கிய குரல்), உள்பக்கம் வெறும் ஆர்டிபி (குறியாக்காதது). முதல் இன்வைட்டை (காலைத் தொடங்கும் செய்தி) மட்டும் அதற்குள் அனுப்பினால், கால் நன்றாகத் தொடங்கி, ஹோல்டில் போட்டு எடுத்ததும் ஊமையாகிவிடும். ரீ-இன்வைட்டும் (கால் நடுவே மாற்றம் கேட்கும் செய்தி) அதே வழியாகப் போக வேண்டும். டெலிபோன் எண்கள் முன்னால் கூட்டல் குறியோடு போகட்டும். அவ்வளவுதான்.

இதெல்லாம் ஒருமுறை செய்து முடிக்கும் வேலை. அப்புறம் தொடர்ந்து கவனம் கேட்பது சான்றிதழ் ஒன்றுதான். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தருவது 90 நாள் சான்றிதழ். புதுப்பித்த கோப்பு டிஸ்கில் இருந்தாலும் கமைலியோ பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பிக்கும் ஸ்கிரிப்டின் கடைசியிலேயே டிஎல்எஸ் ரீலோடு கட்டளையைச் சேர்த்துவிடுங்கள். எதிர்ப்பக்கச் சான்றிதழும் அப்படியே இருந்துவிடாது: சில வருடங்களுக்கு முன் டீம்ஸ் பக்கம் பால்டிமோர் ரூட் சான்றிதழிலிருந்து (மற்றச் சான்றிதழ்களுக்கு மூலமானது) டிஜிசர்ட் குளோபல் ரூட் ஜி2-வுக்கு மாறியது. நம்பகப் பட்டியலில் பால்டிமோரை மட்டும் கையால் வைத்திருந்தவர்களுக்கு அதன்பின் டிஎல்எஸ் இணைப்பே கிடைக்காது. சர்வரின் பொதுவான சிஏ தொகுப்பையே (நம்பத்தக்க ரூட் சான்றிதழ்களின் பட்டியல்) காட்டிவிட்டு, அதை அவ்வப்போது அப்டேட் செய்வது சுலபம்.